மீதியை எங்கே எழுதுவது

பாறசாலைக்குப் பக்கத்தில் ஓலை வேய்ந்த ஒரு மிஷன் பள்ளிக்கூடம். அங்கே தமிழ் நாலாம் வகுப்புக்கு நான்தான் டீச்சர். ஒரு தட்டிக்கு அந்தப் பக்கம் மலையாள நாலாம் வகுப்பு. அவர்கள் வாய்ப்பாடு பாடினால் என் பிள்ளைகளும் இங்கே தலையாட்டிக்கொண்டு கூடப் பாடுவார்கள். திருவிதாங்கூரின் தமிழ்ப் பகுதிகளைத் தமிழ்நாட்டோடு சேர்க்கச் சொல்லி எல்லைப் போராட்டம் கொதித்துக்கொண்டிருந்த வருஷங்கள் அவை. ரோட்டில் ஊர்வலம் போனால் இரண்டு வகுப்பும் ஜன்னலுக்கு ஓடும். இடைவேளையில் மரச்சீனி என்கிற மரவள்ளிக் கம்பைக் கொடியாகப் பிடித்துக்கொண்டு "தமிழ் வாழ்க" என்று முற்றத்தைச் சுற்றுவார்கள். மலையாள வகுப்புப் பிள்ளைகளும் சேர்ந்துகொண்டு அதே சத்தத்தில் கத்தும். விளையாட்டு நன்றாக இருந்தால் போதாதா? அந்தக் கூச்சலை இன்னொரு தடவை கேட்க மாட்டோமா என்று இப்போதும் ஏங்குகிறேன்.

ஒருநாள் ஹெட்மாஸ்டர் என்னைக் கூப்பிட்டார்.

"டீச்சறே, அடுத்த வாரம் இன்ஸ்பெக்டர் வாறாரு. தமிழ் வகுப்பு தனியா வேணுமா, மலையாளத்தோட சேத்திரலாமான்னு பாக்கதுக்காக்கும் வாறது. கணக்குல பிள்ளைய எல்லாம் முழிச்சா, வகுப்பு போச்சு."

என் பிள்ளைகளுக்குக் கூட்டல் வரும், பெருக்கல் வரும். வகுத்தல் என்றால்தான் ஒவ்வொருவருக்கும் ஒன்றுக்குப் போக வேண்டும்!

தென்னை ஈர்க்கில் குச்சிகளைக் கொண்டுபோய்ப் பத்துப் பத்தாகக் கட்டினேன். தொண்ணூற்றேழு ஈர்க்கிலை நாலு பேருக்குப் பங்கு வைக்க வேண்டும். ஒன்பது கட்டில் ஆளுக்கு இரண்டு கட்டு போக, ஒரு கட்டு நின்றது. அதைப் பார்த்து எல்லாரும் திருதிருவென்று விழித்தார்கள்.

"எலே, கெட்ட அவுத்துப் போடுங்க! கெட்டுன கையால அவுக்கத் தெரியாதா?"

அவிழ்த்த பத்தோடு உதிரி ஏழையும் சேர்த்தால் பதினேழு. ஆளுக்கு நாலு. மிஞ்சிய ஒற்றை ஈர்க்கிலுக்கு நாலு பேரும் அடிதடி. அந்தச் சண்டையில்தான் வகுத்தல் அவர்களுக்குப் பிடிபட்டது என்பேன்.

ஆனால் சிலேட்டில் போடச் சொன்னால் கூத்து. ஈவை மேலே எழுத வேண்டும், மீதி அடியில் நிற்க வேண்டும். பாதிப் பேர் மீதியைத் தூக்கி மேலே வைத்திருந்தார்கள். எனக்குக் கோபம் மூக்கின்மேல்தான் இருக்கும்; சத்தம் போட்டேன். முன்வரிசையில் இருந்த ஒரு பெண், வகுப்பிலேயே கெட்டிக்காரி, எழுந்து நின்றாள்.

"டீச்சறே, நீங்கதானே மீதீன்னு சொன்னிய? மீதேன்னா மேலயாக்கும்."

வீட்டில் 'பரணின் மீதே வை' என்று மலையாளம் கலந்து பேசிப் பழகிய பிள்ளைகள்! தலையில் அடித்துக்கொண்டு சிரித்தேன். அன்றிலிருந்து மீதி என்ற சொல்லையே விட்டுவிட்டு மிச்சம் என்றேன். மிச்சம் ஒழுங்காக அடியில் போய் உட்கார்ந்தது.

இன்ஸ்பெக்டர் வந்தார். நல்ல மனிதர், மலையாளி. அந்தப் பெண்ணைத்தான் போர்டுக்குக் கூப்பிட்டார். அவள் கட்டை உடைத்து, உதிரியைச் சேர்த்து, மளமளவென்று வகுத்தாள். எனக்கு உயிர் வந்தது. அவர் எங்கள் பாடப்புத்தகத்தைப் புரட்டிப் பார்த்துத் தமிழிலேயே கேட்டார்: "மீதி எழுது."

பாவி மனுஷன், மிச்சம் என்று கேட்டிருக்கக் கூடாதா! அவள் சாக்கட்டியை மேலே கொண்டுபோனாள்.

"மோளே, இதெந்தா முகளில்?" மேலே ஏன் எழுதினாய் என்று கேட்டார்.

அவள் என் முகத்தைப் பார்த்தாள். நான் வெளிறிப்போய் நின்றது தெரிந்திருக்கும். என்னை எப்படியாவது காப்பாற்ற வேண்டும் என்று அவளுக்குத் தோன்றியிருக்கிறது. அவர் பாஷையிலேயே, மணிமணியாக, மீதியும் மீதேயும் குழம்பிப்போன கதையைச் சொன்னாள். டீச்சர் சரியாகத்தான் படிப்பித்தார், தப்பு தன்னுடையது என்றும் சொன்னாள். சொல்லிக்கொண்டே அழித்து, அடியில் சரியாக எழுதினாள்.

அவர் வாய்விட்டுச் சிரித்து, "மிடுக்கி!" என்று மெச்சி அவள் முதுகில் தட்டினார். பிறகு ஹெட்மாஸ்டரைப் பார்த்துத் திரும்பினார்.

"இத்ர நன்னாயிட்டு மலையாளம் பறயுந்ந குட்டிகள்க்கு, பின்னே வேறெ தமிழ் கிளாஸ் எந்தினா?"

இவ்வளவு நன்றாக மலையாளம் பேசுகிற பிள்ளைகளுக்குத் தனித் தமிழ் வகுப்பு எதற்கு என்றுதான் கேட்டார். அடுத்த வருஷம் தட்டியை எடுத்துவிடலாம் என்று வாசலிலேயே முடிவாகிவிட்டது.

அவர் போனதும் அவள் ஓடி வந்து என் சேலையைப் பிடித்தாள். முகமெல்லாம் பூரிப்பு.

"டீச்சறே, நான் நல்லா சொன்னேனா? நம்ம வகுப்பு ஜெயிச்சாச்சில்லியா?"

எனக்கு அழுகை வருவதை அவள் பார்த்துவிடக் கூடாதே என்று அவளை இழுத்து அணைத்துக்கொண்டேன்.

"நல்லா சொன்ன மக்கா," என்றேன். "உன்னப் போல ஒருத்தரும் சொல்ல மாட்டாவ."