கொய்யா இலைத் தண்ணீர்

அப்பாவின் ஈறு வீங்கிய ஆண்டில்தான் நான் முதன்முதலாக ஈப்போ பட்டணத்தைப் பார்த்தேன். எழுபதுகளின் கடைசி. எனக்கு எட்டு வயது. அம்மா இறந்து ஒரு மழைக்காலம் கழிந்திருந்தது. செமோர் ஊரிலிருந்து உள்ளே தள்ளியிருந்த ரப்பர்த் தோட்டத்தில், தொழிலாளர் வீடுகள் வரிசையாக ஒட்டியிருந்த லயத்தின் கடைசி வீட்டில் நானும் அப்பாவும் மட்டும் இருந்தோம். விடியுமுன் அவர் ரப்பர்ப் பால் வெட்டப் போய்விடுவார். திரும்பி வந்தாலும் கூடவே பேச்சு வராது. சாப்பிட்டாயா, பள்ளிக்கூடம் உண்டா என்பதோடு எங்கள் உரையாடல் முடிந்துவிடும்.

பல் துலக்கினால் அப்பாவுக்கு ரத்தம் வரும். தோட்டத்து ஆஸ்பத்திரியில் டாக்டருக்குப் பதிலாக இருந்த டிரசர் எந்த வியாதியையும் வேரோடு தீர்த்துவிடும் ரகம். வாயைத் திறக்கச் சொன்னார். நாலு பல்லைப் பிடுங்கிவிடலாம் என்றார். அப்பா வாயை மூடிக்கொண்டு வந்துவிட்டார். பிறகு யாரோ சொன்னார்கள் என்று, ஈப்போவில் இருந்த ஒரு ஹோமியோபதி வைத்தியரைப் பார்க்க என்னையும் கூட்டிக்கொண்டு பஸ் ஏறினார்.

கடைவீட்டின் முன்னறையில் வைத்தியர் உட்கார்ந்திருப்பார். வாய் கொப்பளிக்கும் மருந்தைத் திரைக்குப் பின்னாலிருந்து தயாரித்துக் கொண்டு வந்தவர் அவருடைய தங்கை. கொய்யா இலையை உப்புப் போட்டுக் கொதிக்கவைத்து வடிகட்டி, சூடு தணிந்ததும் அண்ணன் கொடுத்த காலெண்டுலாப் பூச்சாற்றில் சில சொட்டு விடுவார். கல்யாணம் ஆகாதவர். வேதக்காரர், கழுத்தில் சின்னதாக ஒரு சிலுவை தொங்கும்.

"வாயிலயே வச்சிருங்க. முழுங்கிறாதீங்க," என்பார் அப்பாவிடம்.

அப்பா கன்னம் உப்ப நிற்பதைப் பார்த்ததும் அவருக்குச் சிரிப்பு வந்துவிடும். அப்பாவுக்கும் வரும்; மருந்தெல்லாம் சட்டையில் வழியும். அப்பாவுக்குச் சிரிக்கத் தெரியும் என்பதே எனக்கு மறந்துபோயிருந்தது. அதன்பிறகு வைத்தியரின் தங்கை என்னை முக்காலியில் உட்காரவைத்து, எண்ணெய் தடவி, இரட்டைச் சடை போட்டுவிடுவார். அப்பா போட்டுவிடும் சடைகள் ஒன்று காதுக்கு மேலேயும் மற்றது கழுத்திலும் கிடக்கும்.

சனிக்கிழமை தவறாமல் போனோம். வீக்கம் வற்றிய பிறகும் போனோம். வீட்டுக்குக் கொடுத்தனுப்பிய மருந்தை அப்பா தொட்டதாகத் தெரியவில்லை. போத்தல் அடுப்படியில் நிறைந்தபடியே இருந்தது. அப்பாவின் நோய் சீக்கிரம் தீர்ந்துவிடக் கூடாது என்று நான் தோட்டத்துக் காளியம்மனை வேண்டிக்கொண்டேன்.

ஒருநாள் பஸ்ஸில் கேட்டேன். "அவங்கள என்னான்னு கூப்பிடறதுப்பா?"

பஸ் ஊருக்குள் நுழைந்த பிறகுதான் அப்பா சொன்னார். "சின்னம்மான்னு கூப்பிடு."

கடைக்குள் கால் வைத்ததும், தலை பின்னிக்கொள்ளும் ஆவலில், "சின்னம்மா!" என்று உரக்கக் கூப்பிட்டேன். திரைக்குப் பின்னால் பாத்திரச் சத்தம் நின்றது. வைத்தியர் தலை நிமிர்ந்தார்.

"அத்தைன்னு கூப்பிடும்மா. அது போதும்," என்றார்.

குரலில் கோபம் இல்லை. அப்பாவை நாற்காலியில் உட்காரவைத்து, டார்ச் அடித்து, என்றும் இல்லாத கவனத்தோடு வாய்க்குள் பார்த்தார்.

"ஈறு நல்லா ஆறிருச்சு தம்பி. இனிமே இவ்வளவு தூரம் வரவேணாம்லா."

அப்பா திறந்த வாயை மூட மறந்து உட்கார்ந்திருந்தார். பிறகு, "சரிங்கண்ணே," என்று எழுந்தார். திரை விலகவே இல்லை. என் சடை கலைந்தபடியே பஸ்ஸில் திரும்பினோம்.

அடுத்த சனிக்கிழமை அப்பா வெளுத்த சட்டையைப் போட்டார், பிறகு கழற்றி ஆணியில் மாட்டினார். நான் கொல்லைப் பக்கம் போய், அடுப்புக்கரியும் கல்உப்பும் சேர்த்து ஈறைத் தேய் தேய் என்று தேய்த்தேன். ரத்தம் கசிந்ததும் ஓடிவந்து காட்டினேன்.

"அப்பா, எனக்கும் ஈறு கெட்டுப்போச்சு. ஈப்போ போலாம்பா."

அப்பா என் உதட்டைத் தூக்கிப் பார்த்தார். கரி படிந்த விரலையும் பார்த்தார். அடி விழும் என்று கண்ணை மூடிக்கொண்டேன். அவர் என் வாயை வேட்டி முனையால் துடைத்துவிட்டார்.

"அங்க இனி போவ முடியாதும்மா."

வெளியே போய்க் கொய்யா இலை பறித்து வந்தார். எத்தனை இலை, எவ்வளவு உப்பு என்று அவருக்குத் தெரியவில்லை. போட்டதில் கொஞ்சத்தை எடுத்தார், மறுபடி போட்டார். தண்ணீர் கொதித்து ஆறியதும் எனக்கு ஒரு தம்ளர், தனக்கு ஒரு தம்ளர் ஊற்றினார். லயத்துக்குப் பின்னால் சாக்கடை ஓரமாக நின்று இருவரும் கொப்பளித்தோம். நான் கன்னத்தை நன்றாக உப்பிக் காட்டினேன். அப்பா ரப்பர் மரங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

துப்பிவிட்டுச் சொன்னேன். "அவங்க செஞ்ச மாதிரி இல்லப்பா."

"ஆமாம்மா. இல்லதான்," என்றார் அப்பா.

அவர் உப்பைச் சொல்கிறார் என்று நினைத்துக்கொண்டேன். அடுத்த தடவை கொஞ்சம் குறைத்துப் போட்டால் சரியாகிவிடும் என்று அவருக்கு யோசனை சொன்னேன்.