பீப்பாவில் அடுக்கிய குழை

லூர்த்தம்மா அச்சுவேலியில் குடியிருந்தது வீட்டில் அல்ல. கதிரவேலரின் தோட்டத்து மூலையில், புகையிலை உலர்த்துவதற்குக் கட்டிய மண்கொட்டில் அது. புகையிலை நின்றுபோய் இரண்டு வருடமாகியும் மணம் சுவரை விட்டுப் போகவில்லை.

முப்பது வருடம் குருநகர்க் கரையில் மீனுக்கு உப்புப் போட்டவள். 1986இல் கணவன் சிமியோன் கடலுக்குப் போனான். வள்ளம் மட்டும் திரும்பி வந்து ஒதுங்கியது. 1990இல் கரையெங்கும் ஷெல் விழுந்தது. தங்கை மார்கிரட் படகேறி இந்தியாவுக்குப் போய்விட்டாள். லூர்த்தம்மா ஒரு உப்புப் பீப்பாவையும் ஒரு வெள்ளாட்டையும் கைவண்டியில் ஏற்றிக்கொண்டு வடக்கே நடந்தாள். ஆட்டின் பெயர் பிலோமி. அவள் பெயர் சொல்லிக் கூப்பிட அந்த ஒரு உயிர் இருந்தது. அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட ஒருவரும் இல்லை. கதிரவேலர் "இஞ்சை" என்பார். அவர் மனைவி பத்மாவதி "மீன்காரி" என்பாள்.

கொட்டிலுக்கு வாடகையாக அவள் இரண்டு பசுக்களைப் பார்த்தாள். சாணி அள்ளலாம், தீனிக்கு இலைகுழை வெட்டலாம், பால் கறக்கலாம். கறந்த பாலை வீட்டு வாசற்படியில் வைத்துவிட்டு விலகி நிற்க வேண்டும். அவள் கறந்த பாலை வீட்டார் குடிக்கலாம், அவள் கைபட்ட செம்பைத் தொடக்கூடாது. இந்தக் கணக்கை எந்த வாத்தியாரும் விளங்கப்படுத்தியதில்லை.

1991 ஆடி மாதம். பொருளாதாரத் தடையால் புண்ணாக்கு வருவதில்லை. வைக்கோல் தீர்ந்தது. மழையில்லாமல் வேலிக் குழையும் கருகிப்போனது. பச்சையாக நின்றது மரவள்ளி மட்டுமே. ஒரு காலை கதிரவேலர் தோட்டத்தைப் பார்த்துக் கை நீட்டினார்.

"கொழுந்தாப் பார்த்து வெட்டிப் போடு. வயிறு நிறையத் தின்னட்டும்."

"மரவள்ளிக் கொழுந்தோ, அண்ணை? எங்கடை பக்கம் ஆட்டுக்கும் குடுக்கிறேல்லை."

"உங்கடை பக்கம் மாடு எங்கை கிடந்தது? வெட்டு."

வெட்டினாள். இரண்டு பசுக்களில் வெள்ளைச்சி பசியோடு தின்றது. அரைமணி நேரத்தில் வாயில் நுரை தள்ளி, மூச்சுக்கு இழுத்து, கால் மடிந்து விழுந்தது. சிவப்பி மெதுவாகத் தின்னும் பசு, அதனால் பிழைத்தது.

மரவள்ளி இலை நசியும்போது அதிலிருந்து சயனைட் பிறக்கிறது. வறட்சியில் வளர்ந்த கொழுந்தில் அது இன்னும் அதிகம். சயனைட் என்ற சொல்லைத் தெரியாதவர் அந்த நாட்களில் ஊரில் இல்லை. இயக்கப் பிள்ளைகள் கழுத்தில் குப்பியாய்த் தொங்கியதை எல்லோரும் கண்டிருந்தார்கள். தங்கள் தோட்டத்து இலையிலும் அதே நஞ்சு இருக்கும் என்று ஒருவரும் நினைத்துப் பார்க்கவில்லை. நினைத்துப் பார்ப்பதை விட ஒரு ஏழையைச் சுட்டிக்காட்டுவது சுகமான வேலை.

"உவள் வந்து காலடி வைச்ச நாள்தொட்டு இந்த வளவிலை ஒண்டும் உருப்படேல்லை" என்றாள் பத்மாவதி. "அவளின்ரை கண்தான் வெள்ளைச்சியைத் திண்டது."

பார்வை பார்க்கும் தம்பிராசா வந்தார். கண்ணூறு போகத் தேசிக்காய் வெட்டினார். சிவப்பியின் கழுத்தில் மஞ்சள் நூல் கட்டினார். கட்டளையிட்ட வாய்க்கு ஒரு குற்றமும் இல்லை, வெட்டிய கைக்குத்தான் குற்றம் என்று தீர்ப்பாயிற்று. கதிரவேலருக்கு உள்ளே உறுத்தியிருக்க வேண்டும். முகம் பார்க்காமலே சொன்னார்.

"ஆவணி முடியுமட்டும் இரு. பிறகு வேறை இடம் பார்."

வேறு இடம் எது? லூர்த்தம்மா அன்று சமைக்கவில்லை.

நாலாம் நாள் பிலோமி கயிற்றை அறுத்துக்கொண்டது. தேடிப் போனவள் அதை வேலியோரம் கண்டாள். அன்று வெள்ளைச்சி விட்ட மிச்சக் கொழுந்தை அங்கேதான் எறிந்திருந்தார்கள். அரைவாசி முடிந்திருந்தது. ஆட்டின் வாயிலிருந்து காய்ந்த இலையை இழுத்தெடுத்து, அதன் கழுத்தைக் கட்டிக்கொண்டு மண்ணில் இருந்தாள்.

"நீயும் போனா நான் ஆரோடையடி கதைப்பன்?"

வெயில் சாய்ந்தது. பிலோமி அசை போட்டது. ஒன்றும் நடக்கவில்லை.

அழுகை நின்றதும் யோசனை தொடங்கியது. அதே செடி, அதே இலை. நாலு நாள் வெயில்தான் வித்தியாசம். வெயில் எல்லா நஞ்சையும் கொல்லாது என்பது கரையில் வளர்ந்தவளுக்குத் தெரியும். பேத்தை மீனைக் கருவாடாக்கினாலும் அது ஆளைக் கொல்லும். ஆனால் மரவள்ளிக் கிழங்கை மூடி போடாமல் அவிப்பார்கள். அதன் நஞ்சு ஆவியோடு போகிற சாதி. ஒரு பிடி கொழுந்தை நறுக்கி முகர்ந்தாள். கசப்பு மூக்கில் ஏறியது. மறுநாள் அதே நறுக்கலில் கசப்பு மெலிந்திருந்தது. முழு இலையில் அவ்வளவு குறையவில்லை. நறுக்க வேண்டும், வாட வேண்டும்.

நன்றாகக் காய்ந்தது பொடிந்து காற்றில் போயிற்று. ஆகவே மீனுக்குச் செய்ததைச் செய்தாள். கிழங்கு கிண்டிய பாத்தியில் கிடந்த குழையை நறுக்கி, ஒருநாள் வெயிலில் வாட்டி, பீப்பாவில் அடுக்கடுக்காக மிதித்து, இடையிடையே உப்புத் தூவி, மேலே பனையோலையும் கல்லும் வைத்து, விளிம்பைக் களிமண்ணால் பூசினாள்.

வேலிக்கு அப்பால் நின்று பார்த்த பத்மாவதி வாய்விட்டுச் சிரித்தாள். "மீன்காரி மாட்டுக்குக் கருவாடு போடப்போறாளாம்!"

"நான் போட்ட கருவாடு திண்டு ஒருத்தரும் சாகேல்லையம்மா."

ஆவணி நடுப்பகுதியில் கல்லைத் தூக்கினாள். இலை ஊறுகாய் நிறத்தில் இருந்தது; புளித்த மணம். சாக்கில் பரப்பி ஒரு மணி நேரம் காற்றுப்பட விட்டாள். பிறகு, முதலில் தன் ஆட்டுக்கே போட்டுக் காட்டுவதாகச் சொல்லிக் கதிரவேலரைக் கூப்பிட்டாள். சிவப்பியின் விலா எலும்பை எண்ணலாம் போலிருந்த நேரம், அவர் வந்தார்.

"ஆடு செத்தா?"

"செத்தா நான் நாளைக்கே போறன், அண்ணை."

முதல் நாள் பிலோமிக்கு ஒரு பிடி. அடுத்த நாள் இரண்டு பிடி. மூன்றாம் நாள் வயிறு நிறைய. ஒவ்வொரு முறையும் லூர்த்தம்மா செபமாலையைக் கையில் எடுத்தாள். ஆனால் கண்ணை மூடவில்லை. ஆட்டின் மூச்சையே பார்த்துக்கொண்டிருந்தாள். நாலாம் நாள் பிலோமியும் சிவப்பியும் ஒரே தொட்டியில் தின்றன.

ஆவணி முடிய, வற்றிய மடியில் பால் இறங்கியது. பத்மாவதி வாசலில் நின்று கும்பிட்டாள்.

"தம்பிராசண்ணையின்ரை நூல்தான் காப்பாத்தினது."

லூர்த்தம்மா பேசாமல் இருந்திருக்கலாம். பேசினால் இருக்கிற கொட்டிலும் போகலாம்.

"எந்த நூல், அம்மா?"

"கழுத்திலை கட்டின நூல்."

"அதை எங்கடை பிலோமி திண்டு பதினொரு நாளாச்சு."

கதிரவேலர் பசுவின் கழுத்தைத் தடவிப் பார்த்தார். வெறுங்கழுத்து. அவருக்குச் சிரிப்பு வந்தது. மனைவியின் முகத்தைக் கண்டதும் அடங்கிவிட்டது.

"சரி, நீ இரு. போக வேண்டாம்."

"இருக்கிறன், அண்ணை. வெள்ளைச்சி என்ரை கண்ணாலை சாகேல்லை, கொழுந்தாலை செத்தது எண்டு ஒருக்கா, அம்மாவுக்கு முன்னாலை சொல்லிப்போட்டுப் போங்கோ."

அவர் துவாயை உதறித் தோளில் போட்டார்.

"இருக்கச் சொல்லிப்போட்டன்தானே. அதை ஏன் இப்ப கிளறுறாய்?"

சொல்லவில்லை. நாலு சொல் அது. ஒரு பசு செத்ததற்குத் தானே காரணம் என்று ஒப்புக்கொள்ள ஒரு கமக்காரனுக்கு எவ்வளவு வீரம் வேண்டியிருக்கிறது!

மறுநாள் சிவப்பியின் கழுத்தில் புது நூல் இருந்தது, ஆட்டின் வாய்க்கு எட்டாதபடி கொம்போடு சேர்த்து.

புரட்டாசியில் அயலவர்களும் வரத் தொடங்கினார்கள். நறுக்க வேண்டுமா, எத்தனை நாள் மூடவேண்டும், உப்பு எவ்வளவு என்று வேலிக்கு வெளியே நின்று கேட்டார்கள். லூர்த்தம்மா ஒன்றையும் ஒளிக்கவில்லை.

"திறந்தவுடனை போடாதேங்கோ, காத்துப்பட விடுங்கோ" என்று போகிறவர்களின் முதுகுக்குப் பின்னாலும் சொன்னாள்.

வருகிறவர்கள் உள்ளே வந்து குந்தட்டும் என்று பீப்பாவின் பக்கத்தில் ஒரு பலகையைப் போட்டு வைத்திருந்தாள். வேலிப் படலையும் திறந்தே கிடந்தது. பின்னேரங்களில் அந்தப் பலகையில் பிலோமி படுத்திருந்தது.