பினோர்த் என்ற சொல்லும் என் வயித்தெரிச்சலும்

என் சீல் பட்ட ஒரு தாளால நாவுலயில ஹனீபா நானா தன் சொந்த வீட்டுக்கே வெளி ஆள் ஆனார். காரணம் ஒரு பழைய இங்கிலீஷ் சொல். இன்னொரு காரணமும் இருக்கு, அது என் பொறாமை. புதுசா மொழிபெயர்ப்பு வேலைக்கு வர்றவங்க ரெண்டையும் தெரிஞ்சுக்கணும்னுதான் இதை எழுதுறேன்.

மாத்தளையில ஒரு நொத்தாரிசு ஆபீஸ்ல சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளரா முப்பது வருஷம் வேலை செஞ்சேன். காணி உறுதி, அதாவது நிலப் பத்திரம், இங்கிலீஷ்ல வந்தா சிங்களத்துக்கும் தமிழுக்கும் மாத்தி, 'சரியான மொழிபெயர்ப்பு'ன்னு கையெழுத்துப் போட்டு சீல் அடிக்கணும். டவுனுக்குள்ள பழைய உறுதின்னா "ராணி மிஸ்கிட்ட குடுங்க"ன்னுதான் சொல்லுவாங்க. தோட்டத்து லய வீட்டுல பொறந்து, விழுந்து விழுந்து படிச்சு வாங்கின பேர் அது. அதுல ஒருத்தி வந்து பங்கு கேட்டா எப்படி இருக்கும்?

1. பிஹூஃப்

ஜெஸிமா கண்டியில ஒரு லோயர் ஆபீஸ்ல இருந்தவ. வீடு மாத்தளைக்கு மாறினதால எங்க ஆபீஸ்ல வந்து சேந்தா. என்னைவிடப் பத்து வயசு குறைவு. முதல் நாள் சேர், அதாவது எங்க நொத்தாரிசு, வேலை பழகட்டும்னு நான் செஞ்ச பழைய மொழிபெயர்ப்பு ஒண்ணை, இங்கிலீஷ் உறுதியோட, அவகிட்ட குடுத்தார். பத்து நிமிஷம்கூட ஆகல.

"அக்கா, ஒண்ணு கேக்கட்டா? இது பிஹாஃப் இல்லையே. பிஹூஃப்."

"அந்தக் காலத்து கிளார்க் எழுத்துப் பிழை விட்டிருக்கான். நான்தான் திருத்தி 'சார்பாக'ன்னு போட்டேன்" என்றேன்.

"இல்லக்கா, அது வேற சொல். பிஹூஃப்னா பிரயோசனத்துக்கு, நன்மைக்கு. இப்ப யாரும் பாவிக்கிறதில்ல."

சேர் கண்ணாடியைக் கழட்டி வச்சுட்டு சிரிச்சார். "அட, இவ்வளவு நாளும் நானும் பிழையாத்தானே வாசிச்சிருக்கேன்!"

அவருக்குச் சிரிப்பு. எனக்கு வயிறு பத்திக்கிட்டு எரிஞ்சுது. எத்தனை உறுதியில 'சார்பாக'ன்னு போட்டிருப்பேன்னு எண்ண ஆரம்பிச்சு, பயந்து போய் விட்டுட்டேன்.

அவகிட்ட தடிச்ச அட்டை போட்ட ஒரு சி.ஆர். கொப்பி இருந்துச்சு. வழக்கொழிஞ்ச இங்கிலீஷ் சொல்லையெல்லாம் முன்னொட்டு வாரியா அதுல எழுதி வச்சிருந்தா. 'பி' முன்னால வர்ற சொல்லுக்கு மட்டும் நாலு பக்கம். பிட்விக்ஸ்ட், பிஹிதர், பிக்வீத். நான் எட்டிப் பாத்துட்டு, "பிக்வீத் இன்னும் சாகலையே, மரணசாதனம் எழுதுறப்போ பாவிக்கிறோமே" என்றேன். "செத்தவங்க சொத்தைப் பத்தின சொல்தானேக்கா, அதான் சேத்துட்டேன்" என்றாள். சேர் அதுக்கும் சிரிச்சார்.

பிறகு எல்லாமே எனக்குக் கண்ணுல குத்துச்சு. வர்ற ஆளுங்க வாசல்ல நின்னு "புது மிஸ் இல்லையா?"ன்னு கேப்பாங்க. பெருநாளைக்கு அவ வட்டிலப்பம் கொண்டு வந்தா, ஆபீஸே கொண்டாடும். நான் ரெண்டு துண்டு சாப்பிட்டுட்டு, சீனி கூடிப்போச்சுன்னு சொன்னேன். ஆள் கெட்டவளா இருந்தாலாவது திட்டித் தீக்கலாம். "அக்கா, அக்கா"ன்னு மரியாதையா வேற பேசுவா. அதுதான் தாங்கவே முடியல.

2. வடக்கா, தெக்கா

ஹனீபா நானா நாவுலயில மிளகும் நெல்லும் செய்றவர். பழைய தோட்டம் ஒண்ணைத் துண்டு துண்டா வித்த காலத்துல அவருடைய வாப்பா வாங்கின காணி. மகள் பேருக்கு வீட்டை எழுதணும், அதுக்கு முன்ன காணியை அளந்து பிளான் எடுக்கணும். அதனால வாப்பாவின் இங்கிலீஷ் உறுதியை மொழிபெயர்க்கக் கொண்டு வந்தார்.

"ராணி மிஸ்தான் செய்யணும்" என்றார். ஜெஸிமா பக்கத்து மேசையில இருக்கும்போதே அப்படிச் சொன்னார். அன்னைக்கு நான் பாலில்லாத பிளேன்டியைக்கூட ருசிச்சுக் குடிச்சேன்.

உறுதியில காணி, எலவுக்கு 'பினோர்த்' இருக்குன்னு அடிச்சிருந்துச்சு. எலன்னா ஓடை. பினோர்த்னா? அப்படி ஒரு சொல்லை நான் பாத்ததே இல்ல. டைப் அடிச்சவன் இடைவெளி விடாம 'பி'யையும் 'நோர்த்'தையும் ஒட்டிட்டான், எல்லையைத்தான் சொல்றான்னு முடிவு பண்ணினேன். உறுதியில எல்லை எழுதுறது ஒரு பாட்டு மாதிரி. வடக்கு இன்னது, கிழக்கு இன்னதுன்னு கை தானா ஓடும். 'வடக்கு எல்லை: எல'ன்னு எழுதிட்டேன்.

உண்மையைச் சொல்றேன், ஒரு சந்தேகம் வந்துச்சு. 'பி'யில தொடங்குற சொல்லாச்சே, அவ கொப்பியில இருக்கும்னும் தோணுச்சு. ரெண்டு எட்டு வச்சா அவ மேசை. கேக்க மனசு வரல.

வரைவை மேசையில வச்சுட்டு சாப்பிடப் போனேன். திரும்பி வந்து பாத்தா, ஓரத்துல பென்சிலால அவ கையெழுத்து. 'அக்கா, பினோர்த்னா வடக்குப் பக்கம். காணி எலவுக்கு வடக்கே இருக்கு. அப்ப எல தெற்கு எல்லையா வரும். ஒருக்கா பாருங்க.'

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்ல. என் மேசையில, என் தாளுல, நான் இல்லாத நேரத்துல! அவ சொன்னது சரியா இருந்தா அவளுக்கு இன்னொரு கைதட்டு, சேருக்கு இன்னொரு சிரிப்பு. சரியான்னு பாக்கவே இல்ல. அழிரப்பரை எடுத்து அழிச்சேன். சுத்தப் பிரதி அடிச்சு, கையெழுத்துப் போட்டு, சீலை ஓங்கிக் குத்தினேன்.

3. கட்டை அடிச்ச இடம்

ரெண்டு வாரத்துல ஹனீபா நானா வந்தார். உக்காரச் சொன்னேன், உக்காரல.

"மிஸ், ஏன்ட வீடு ஏன்ட காணிக்குள்ள இல்லையாம்."

"என்ன சொல்றீங்க நானா?"

"சர்வேயர் ஐயா உங்கட தாளைப் பாத்து ஓடைக்குத் தெக்கால கட்டை அடிச்சிட்டார். அங்க பாறையும் மானாப் புல்லும்தான் ஈக்கிது. வீடு, கிணறு, மிளகுக் கொடி எல்லாம் வடக்கால. அந்தப் பக்கத்து மேல் காணிக்காரர் கேள்விப்பட்டு, அப்ப அது என்ட இடம்டு வேலி போட ஆள் விட்டுட்டார். கேட்டா, உங்க பேப்பர்லயே ஈக்கிதேண்டு செல்றார். மகள் கேக்குறா, வாப்பா, நாங்க யார்ட வீட்டுல இருக்கிறோம்டு."

சேர் ஃபைலைக் கொண்டு வரச் சொன்னார். ஜெஸிமாதான் எடுத்து வந்தா. உறுதியையும் என் மொழிபெயர்ப்பையும் பக்கத்துல பக்கத்துல வச்சு வாசிச்சார். அவர் முகம் கறுத்துப்போச்சு.

"பினோர்த்னா என்ன?"

"வடக்குப் பக்கம்னு அர்த்தம் சேர்" என்றாள் ஜெஸிமா. "ஸ்காட்லாந்துக்காரங்களுடைய பழைய சொல். அந்தத் துரைமார் எழுதின உறுதியில பிசவுத், பிவெஸ்ட்னுகூட வரும்."

"இவ்வளவு தெரிஞ்ச ஆள் பக்கத்து மேசையில இருந்துமா இப்படிப் போச்சு? யாரு செக் பண்ணினது?"

வரைவு ஃபைல்லயே இருந்துச்சு. அதைப் புரட்டின ஜெஸிமா அந்த ஓரத்தைப் பாத்தா. அழிச்ச இடம் சாம்பலா அப்படியே தெரிஞ்சுது. என்னை ஒரு தரம் நிமிந்து பாத்தா. ஃபைலை மூடினா.

"நானும் பாத்தேன் சேர். நானும் வடிவாச் சொல்லியிருக்கணும். என் மேலயும் பிழை."

என்னைக் காப்பாத்தினா. அந்த நேரத்துல எனக்கு வந்தது நன்றின்னு நினைக்காதீங்க. இதுலயும் நம்மளை முந்திட்டாளேங்கிற எரிச்சல்தான் முதல்ல வந்துச்சு. அவ அறிவைப் பாத்துப் பட்ட பொறாமையைவிட அது பெருசு. ஆனா ஹனீபா நானா எதிர்ல நின்னுக்கிட்டிருந்தார். அவர் சட்டைப் பையில அந்த மொழிபெயர்ப்பு நாலா மடிச்சு இருந்துச்சு, என் சீல் மேல தெரிஞ்சுது.

"இல்ல சேர். அவ பென்சிலால சரியாத்தான் எழுதி வச்சிருந்தா. நான்தான் அழிச்சேன்."

"ஏன்?"

"பொறாமையில சேர்."

சேர் ஃபைலை என் பக்கம் தள்ளி, "சத்தியக்கடதாசி எழுதுங்க" என்றார். என் மொழிபெயர்ப்பு பிழை, காணி ஓடைக்கு வடக்கே இருக்கு, இதுக்கு நானே பொறுப்புன்னு நானே எழுதி, சமாதான நீதவான் முன்னால கையெழுத்துப் போட்டேன். முப்பது வருஷத்துல ஒரு எழுத்துப் பிழைகூட இல்லாம நான் எழுதின ஒரே கடதாசி அதுவாத்தான் இருக்கும்.

மறுநாள் காலையில சேர் எங்க ரெண்டு பேரையும் நாவுலவுக்கு அனுப்பினார். பஸ்ஸுல பக்கத்துல பக்கத்துல உக்காந்து போனோம். சர்வேயர் கடதாசியை வாசிச்சுட்டு கட்டையைப் பிடுங்கச் சொன்னார். மேல் காணிக்காரர் முணுமுணுத்துக்கிட்டே வேலி ஆளுங்களைக் கூட்டிக்கிட்டுப் போனார். ஹனீபா நானா ஜெஸிமாவுக்கு ஒரு பை நிறைய மிளகு குடுத்தார். எனக்கு ஒரு பிளேன்டி.

நான் நானாகிட்ட மன்னிப்புக் கேட்டேன். அவர் கோபப்படல.

"தெரியாதுண்டு ஒரு வார்த்தை செல்லியிருந்தா போதுமே மிஸ்" என்றார். "நான் வேற ஆள்ட கேட்டிருப்பேனே."

அவர் ரெண்டு அறை விட்டிருந்தா தேவலைன்னு இருந்துச்சு.

4. தெரியாது

பழைய இங்கிலீஷ் உறுதி எல்லாத்தையும் சேர் ஜெஸிமா மேசைக்கு மாத்தினார். நியாயம்தான். ஆனாலும் அந்தக் கட்டு அந்தப் பக்கம் போனப்போ என் மனசு பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். கிளார்க் லீவு போட்ட ஒரு நாள், பல்லேகமவிலிருந்து வந்த ஒரு உறுதி தவறி என் மேசைக்கு வந்துச்சு. அதுல ஒரு சொல், 'பி'யில தொடங்குது, வாழ்நாள்ல பாத்ததில்ல. அந்த ரெண்டு எட்டு வைக்க எனக்கு அரை நாள் ஆச்சு.

"ஜெஸிமா, இதுக்கு என்ன அர்த்தம்? எனக்குத் தெரியாது."

அவ வாங்கிப் பாத்தா. கொப்பியைப் புரட்டினா. அகராதியைப் புரட்டினா. போன்ல தேடினா.

"எனக்கும் தெரியாதுக்கா."

எனக்குள்ள ஒரு சந்தோஷம் வந்துச்சு பாருங்க, அதை மறைக்க மாட்டேன். பொறாமை போகாது பிள்ளைகளே, நானும் போகச் சொல்லிப் பாத்துட்டேன். அது பாட்டுக்கு மேசைக்கடியில கிடக்கட்டும், சீலைத் தொட மட்டும் விடாதீங்க. அன்னைக்கு நாங்க ரெண்டு பேரும் சேந்து போய், "சேர், எங்களுக்குத் தெரியாது"ன்னு சொன்னோம். உறுதி சீல் இல்லாமலே திரும்பிப் போச்சு.