முட்டை அறையில் எடுத்த பாடம்

கண்ணுகளா,

நேற்று சாயங்காலம், பெரியவளே, நீ என் போனை வாங்கி வைத்துக்கொண்டு வகுத்தல் கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தாய். யாரோ ஒரு அக்கா சுவரில் சார்ட் ஒட்டி, ஸ்கெட்ச் பேனாவில் எழுதி எழுதிச் சொல்லிக்கொடுத்தாள். அவளுக்குப் பின்னால் எங்கேயோ குக்கர் விசில் அடித்தது. சின்னவன் அதற்குச் சிரித்தான். நீ என்னைப் பார்த்து, "அப்பா, இந்த அக்கா எந்த ஸ்கூலு மிஸ்ஸு?" என்று கேட்டாய். தெரியாது என்று சொல்லிவிட்டு எழுந்து வாசலுக்குப் போய்விட்டேன். உங்கள் அம்மா கூட, "புள்ள கேக்குது, ஒழுங்காப் பதில் சொல்லாமப் போறீங்க" என்றாள்.

அந்த அக்கா யாரென்று நிஜமாகவே எனக்குத் தெரியாது. ஆனால் அந்த மாதிரி ஒருவரை எனக்குத் தெரியும். வாயால் சொன்னால் பாதியில் நின்றுவிடுவேன் என்றுதான் எழுதுகிறேன். பத்தாவது வரை படித்தவன் எழுதுவது. பிழை இருந்தால் திருத்திப் படித்துக்கொள்ளுங்கள்.

நான் ஒன்பதாவது படித்த வருஷம். அப்பா நாமக்கல்லுக்கு வெளியே ஒரு கோழிப்பண்ணையில் மேற்பார்வைக்கு இருந்தார். பண்ணைக்குள்ளேயே எங்களுக்கு இரண்டு அறை வீடு. அப்பாவின் தம்பி, என் சித்தப்பா, எங்களோடுதான் இருந்தார். எங்கள் வகையறாவில் முதலில் காலேஜ் வாசலை மிதித்தவர் அவர். கணக்கில் எம்.எஸ்ஸி. படித்துவிட்டு, ரோட்டோரத்தில் இருந்த ஒரு பெரிய ஹாஸ்டல் பள்ளிக்கூடத்தில் வாத்தியாராக இருந்தார். அவர் அங்கே இருந்ததால் எனக்கு ஃபீஸ் இல்லாமல் ஒரு சீட்டு. அந்த யூனிபாரத்தைப் போட்டுக்கொண்டு நான் சித்தப்பாவின் பைக்கில் ஏறும்போது, அப்பா தீவன மூட்டையை இறக்கி வைத்துவிட்டு நின்று பார்ப்பார்.

அந்தப் பள்ளிக்கூடத்தில் கணக்கையும் செய்யுள் போல ஒப்பிப்போம். எந்த வரிக்குப் பிறகு எந்த வரி, எந்த வரிக்கு எத்தனை மார்க், எல்லாம் மனப்பாடம். கணக்கில் உள்ள எண்ணை மாற்றினால் கை நின்றுவிடும். "புரிஞ்சுதா?" என்று சார் கேட்டு முடிப்பதற்குள் வகுப்பே "எஸ் சார்" என்று கத்தும். புரியவில்லை என்று ஒருத்தன் சொல்லி நான் கேட்டதில்லை. பகலில் சித்தப்பாவும் அப்படித்தான் நடத்தினார். அங்கே வேறு மாதிரி நடத்த முடியாது.

ஞாயிற்றுக்கிழமை மதியம் மட்டும் அவர் வேறு ஆள்.

பண்ணையில் முட்டை அடுக்கும் அறை ஒன்று உண்டு. சுவர் தெரியாமல் முட்டை அட்டைகளை அடுக்கி வைத்திருப்பார்கள். அந்த அட்டைக் குழிகள் சத்தத்தை விழுங்கிவிடும். உள்ளே நின்று பேசினால் குரல் எதிரொலிக்காமல் சுத்தமாகக் கேட்கும். சித்தப்பா ஒரு நாள் முட்டை எண்ண உள்ளே போனபோது இதைக் கண்டுபிடித்தார். அடுத்த வாரமே ஒரு பிளைவுட் பலகைக்குக் கறுப்புப் பெயின்ட் அடித்து உள்ளே சாய்த்து வைத்தார். வீடியோ எடுக்க அட்டை அடுக்கின்மேல் போனை நிறுத்தினார். பத்தாவது கணக்கை, தோற்றுப்போகிற பிள்ளைகளுக்குச் சொல்வது போல, முதலிலிருந்து சொல்ல ஆரம்பித்தார்.

ஆனால் வெறும் போனைப் பார்த்து அவருக்குப் பேச வரவில்லை.

"செவுத்துக்குப் பாடம் எடுக்கற மாதிரி இருக்குது. நீ போனுக்குப் பக்கத்துல இப்படி உக்காரு சாமி. தலையை மட்டும் ஆட்டீராதே."

"ஏனுங்க சித்தப்பா?"

"அங்க ஸ்கூல்ல உங்களையெல்லாம் ஆட்டிப் பழக்கிப்போட்டோம். இங்கயாச்சும் முழிச்சுக்கிட்டு இரு. நீ முழிச்சீன்னாத்தான் எங்க நிக்கோணும்னு எனக்குத் தெரியும்."

நான் முழிப்பேன். அவர் நிறுத்துவார். அழித்துவிட்டு வேறு விதமாகச் சொல்வார். என் முழிப்பு ஒரு வேலைக்கு ஆனது வாழ்க்கையில் அது ஒரு தடவைதான்.

முட்டையிட்டு ஓய்ந்த கோழிகள் மதியத்துக்கு மேல் அவ்வளவாகக் கொக்கரிப்பதில்லை. இருந்தாலும் நடுவில் ஒன்று எடுத்துக்கொடுத்தால் மற்றதெல்லாம் பிடித்துக்கொள்ளும். அதையும் சேர்த்துத்தான் டவுனில் பிரவுசிங் சென்டருக்குக் கொண்டுபோய் யூடியூப்பில் ஏற்றுவார். சில வாரத்தில் பார்த்தவர்கள் கீழே எழுத ஆரம்பித்தார்கள். முதலில் வந்தது, 'கோழி சார், அடுத்த பாடம் எப்போ?' என்பது. அப்பா கேட்டுவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டார். "எம்.எஸ்ஸி. படிச்சுப்போட்டு கோழி வாத்தியார்னு பேரு வாங்கிட்டான் பாரு."

"பேரு வாங்கறது லேசுங்களா அண்ணா?" என்றார் சித்தப்பா. அன்றைக்கு அவர் சிரித்த மாதிரி நான் பார்த்ததில்லை. பிறகு வந்ததெல்லாம் வேறு மாதிரி. 'இப்பத்தான் சார் புரியுது' என்று ஒருத்தர். 'நான் ஃபெயில் சார், மறுபடி எழுதப் போறேன்' என்று ஒருத்தர். சித்தப்பா அதையெல்லாம் என்னைச் சத்தமாகப் படிக்கச் சொல்லிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டு கேட்பார்.

அந்த வருஷம் தை மாதத்துக்கு மேல் பள்ளிக்கூடத்துக்குச் சேந்தமங்கலத்துக்காரர் ஒருவர் மகனைச் சேர்ப்பது பற்றி விசாரிக்க வந்தார். நல்ல மனுஷன். சந்தோஷத்தில்தான் சொன்னாராம். தாளாளரிடமே போனை நீட்டி, "இந்த சார் உங்க ஸ்கூலுங்களா? எங்க பெரிய பொண்ணு இவரைப் பாத்துத்தானுங்க பாஸு. இவரு ஊட்டுக்கே வந்து சொல்லித் தாராரு, அப்புறம் பையனை எதுக்குங்க ஹாஸ்டல்ல கொண்டாந்து அடைக்கோணும்?" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

அன்று சாயங்காலம் சித்தப்பா வீட்டில் தட்டின் முன்னால் உட்கார்ந்ததும்தான் அப்பாவிடம் சொன்னார்.

"எல்லாத்தையும் திங்கக்கிழமைக்குள்ள அழிச்சுப்போடோணும்ங்கறாருங்கண்ணா. இல்லீன்னா வர வேண்டாம்ங்கறாரு."

"அதுல அப்படி என்ன தப்பாச் சொல்லிப்போட்டே?"

"மனப்பாடம் பண்ணாதீங்கன்னு ஒரு பாடத்துல சொல்லியிருக்கறேன். அதைப் போட்டுக் காட்டினாரு. அப்ப நாங்க இங்க என்னத்தப் பண்றோம்னு நெனச்சீங்க சார், அப்படின்னாரு. கோபமாக் கூடக் கேக்கலீங்க. காபி குடுத்துத்தான் கேட்டாரு."

அம்மா குழம்புக் கரண்டியோடு நின்றுகொண்டிருந்தாள். "மொதல்ல உண்ணுங்க தம்பி" என்றாள். அவர் கை வைக்கவில்லை.

"அழிக்க எனக்கு மனசில்லீங்கண்ணா. வேற ஸ்கூலு கெடைக்காமயா போயிரும்?"

"உனக்குக் கெடைக்கும்" என்றார் அப்பா.

அதற்குப் பிறகு அப்பா என்னைப் பார்த்தார். சித்தப்பாவும் என்னைப் பார்த்தார். அம்மா பார்க்காதது போல் பார்த்தாள். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. சட்டையில் ஏதாவது சிந்திக்கொண்டேனா என்று தடவிப் பார்த்துவிட்டு, அப்பளத்தை உடைத்துத் தின்றேன்.

"சரிங்கண்ணா" என்றார் சித்தப்பா.

ஞாயிற்றுக்கிழமை என்னையும் கூட்டிக்கொண்டு பிரவுசிங் சென்டருக்குப் போனார். நான் விளையாட்டுப் போலப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். ஒவ்வொரு பாடமாகத் திறப்பார். கீழே எழுதியிருப்பதை ஒரு தடவை படிப்பார். அப்புறம் அழிப்பார். ஒவ்வொரு தடவையும் கம்ப்யூட்டர் 'நிச்சயமாகவா?' என்று கேட்டது. அந்த வாரம் முழுக்க சித்தப்பாவிடம் அப்படிக் கேட்டது அது ஒன்றுதான்.

ஒரு பாடத்தில் நின்றுவிட்டார். அதன் கீழே பனமரத்துப்பட்டிப் பக்கத்துப் பெண் ஒருத்தி எழுதியிருந்தாள். 'சார், பிராக்கெட்டுக்கு வெளியே மைனஸ் இருந்தா உள்ளே இருக்கிற மைனஸ் ஏன் பிளஸ் ஆகுது? எங்க மிஸ் அது அப்படித்தான்னு சொல்றாங்க.' எழுதி சில நாள் ஆகியிருந்தது. சித்தப்பா பார்க்காமல் விட்டிருக்கிறார்.

அவர் தட்டத் தொடங்கினார். தமிழில் தட்ட அவருக்கு அப்போது சரியாக வராது. ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தேடித் தட்டினார்.

'பத்து அட்டை முட்டை இருக்கிறது. அதில் ஐந்து அட்டையை எடு என்கிறேன். எடுக்கப் போகும்போது, இரண்டைக் குறைத்துக்கொண்டு எடு என்கிறேன். அந்த இரண்டும் பத்திலேயே தங்கிவிடும் அல்லவா? எடுப்பதைக் குறைத்தால் இருப்பது கூடும். அதுதான் அந்த பிளஸ்.'

கடைக்காரர் எட்டிப் பார்த்தார். "என்னுங்க சார், அழிக்கோணும்னு வந்துட்டு எழுதிக்கிட்டு இருக்கறீங்க?"

"ஒரு புள்ள டவுட்டு கேட்டிருக்குதுங்க."

அந்த ஒன்றை மட்டும் அழிக்காமல் விட்டு எழுந்தார். மறுநாள் பள்ளிக்கூடத்துக்குப் போகிற வழியில் மறுபடி அங்கே வண்டியை நிறுத்தினார். கடைக்காரர் ஷட்டரைப் பாதிதான் தூக்கியிருந்தார். குனிந்து உள்ளே போனோம். அந்தப் பெண் ஒன்றும் எழுதவில்லை. சித்தப்பா கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பள்ளிக்கூட பஸ் ரோட்டில் போனது. அதையும் அழித்தார்.

"அந்த அக்கா பாத்திருப்பாங்களா சித்தப்பா?"

"தெரியலே சாமி. எங்கன்னு போய்க் கேக்கறது?"

ஒரு டவுட்டுக்கு இவ்வளவா என்று எனக்கு இருந்தது. தாளாளர் காபி கொடுத்ததற்கே இவர் நடுங்கிவிட்டார் என்றும் நினைத்தேன். கூடப் படித்த பையன்கள் "உங்க சித்தப்பா கடையைக் கட்டிட்டாராடா" என்று கேலி செய்தபோது அவருக்காக நான் ஒன்றும் பேசவில்லை. பேச எனக்கு ஒன்றும் தெரிந்திருக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் வீட்டில் படுத்தே கிடந்தார். கறுப்புப் பலகையை அப்பா கோழி ஷெட்டின் ஓட்டைக்கு அடித்துவிட்டார்.

பத்தாவது ரிசல்ட் வந்தது. பாஸ்தான். ஆனால் ப்ளஸ் ஒன்னுக்கு அந்தப் பள்ளிக்கூடம் கேட்கிற மார்க் என்னிடம் இல்லை. ஒரு பையனால் மொத்தப் பள்ளிக்கூடத்தின் பெயர் இறங்கக் கூடாது பாருங்கள். தாளாளர் எழுந்து நின்று எங்களை வரவேற்றார். இந்தத் தடவையும் காபி வந்தது. "பையனுக்கு ஏத்த எடமாப் பாத்துச் சேத்துடுங்க சார்" என்றார். சித்தப்பா வாயைத் திறந்து ஏதோ சொல்ல வந்தார். அப்புறம் "சரிங்க" என்றார். அந்த ஆடியில் நான் லாரி பாடி கட்டுகிற பட்டறையில் சேர்ந்தேன்.

அன்று சாப்பாட்டின் முன்னால் அவர்கள் ஏன் என்னைப் பார்த்தார்கள் என்பது எனக்கு அப்போதும் தெரியாது. நீ பிறந்து, உன்னை எங்கே சேர்ப்பது, ஃபீஸுக்கு என்ன செய்வது என்று நானும் உங்கள் அம்மாவும் பேச ஆரம்பித்த பிறகுதான் தெரிந்தது. சித்தப்பாவிடம் இதுவரை நான் அதைச் சொன்னதில்லை. எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை.

அவர் இன்னும் அதே பள்ளிக்கூடத்தில்தான் இருக்கிறார். நோய் வந்து எல்லாம் அடைத்துக் கிடந்த காலத்துக்குப் பிறகு அவர்களும் ஒரு சேனல் வைத்துவிட்டார்கள். கண்ணாடி அறை, விளக்கு, முன்னும் பின்னும் பாட்டு. சித்தப்பாவுக்கு டை கட்டி நிறுத்தியிருக்கிறார்கள். முதல் வரி, இரண்டாம் வரி, இதற்கு இரண்டு மார்க் என்று கடகடவென்று சொல்லிக்கொண்டு போகிறார். கீழே யாரும் எதுவும் எழுத முடியாதபடி அடைத்து வைத்திருக்கிறார்கள்.

இன்று மத்தியானம் பட்டறையில் எல்லோரும் சாப்பிடப் போய்விட்டார்கள். நான் போகவில்லை. போனை வெல்டிங் மிஷின் மேல் நிறுத்தி, சித்தப்பாவின் பாடம் ஒன்றைப் போட்டேன். பெயின்ட் அடிக்காத லாரியின் பக்கத் தகட்டில், அளவு குறிக்கிற சாக்பீஸால் அவர் சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டே போனேன். நான்கு வரி வந்தது. அதற்கு மேல் அது எப்படி அப்படி ஆனது என்று எனக்கு விளங்கவில்லை.

"புரியலைங்க சித்தப்பா" என்றேன், சத்தமாகவே.

அவர் நிற்காமல் போய்க்கொண்டிருந்தார். கையைத் துடைத்துக்கொண்டு, விரலால் பின்னுக்கு இழுத்து, முதலிலிருந்து ஓட விட்டேன்.