பானட்டுக்குப் பார்த்த வெளிச்சம்

ஒரகடத்தில் ஒரு கார் தொழிற்சாலையில் எனக்குப் பெயின்ட் சோதிக்கும் வேலை. வாசலிலேயே எல்லோருடைய போன் கேமரா மேலும் ஸ்டிக்கர் ஒட்டிவிடுவார்கள். ஆயுத பூஜை அன்று மட்டும் குரூப் போட்டோவுக்காக ஒரே ஒரு கேமராவுக்கு அனுமதி. போன வருடம் அந்தப் பெருமை என் தலையில் விழுந்தது.

லைனில் வேலை செய்த ஒப்பந்தத் தொழிலாளி ஒருத்தி காலையிலேயே என்னைப் பிடித்துக்கொண்டாள். வாலாஜாபாத்திலிருந்து வருபவள். அந்த வாரத்தோடு அவளுக்கு ஒப்பந்தம் முடிகிறது.

“அண்ணா, நான் நல்லா தெரியற மாதிரி எடுங்கண்ணா. கார் செய்றேன்னு சொன்னா எம் பொண்ணு சிரிக்குது. இத்த வுட்டா காட்ட வேற இன்னா கீது?”

“கவலப்படாதம்மா, ஜம்முனு எடுத்துடலாம்” என்றேன். வாய்க்கு என்ன குறைச்சல்!

மாலை போட்ட வெள்ளைக் காரைச் சுற்றி எல்லோரும் நின்றார்கள். பின்னால் திறந்திருந்த ஷட்டர் வழியே வெயில் கொட்டியது. வேறு யாராக இருந்தாலும் கேமராவில் முகங்களுக்கு ஏற்றபடி வெளிச்சம் வைத்திருப்பார்கள். நான் காரின் முன்மூடிக்கு, அதாவது பானட்டுக்கு வைத்தேன். பெயின்ட்டின் பளபளப்பு வெளுத்துவிடக் கூடாதே என்ற தொழில் புத்தி!

கேமரா திரையில் முகங்களெல்லாம் கறுத்துக் கிடந்ததைப் பார்த்த சூப்பர்வைசர், “வண்டி சூப்பரா கீதுபா. ஆளுங்க எங்க?” என்றார். எல்லோரும் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை. மறுபடி எடுப்பதற்குள் அனுமதி நேரம் முடிந்துவிட்டது. எனக்கு என் மேலேயே எரிச்சல்.

குன்றத்தூரில் வீட்டுக்கு வந்ததும் சட்டையைக்கூட மாற்றாமல் கணினி முன் உட்கார்ந்தேன். நல்லவேளை, சென்சார் பதிந்ததை முழுதாக வைத்திருக்கும் ரா ஃபைலாக எடுத்திருந்தேன். அளவு மீறி வெளுத்த இடத்தில் மீட்க ஒன்றும் இருக்காது. இருண்ட இடத்தில் கொஞ்சமாவது மிச்சம் இருக்கும். நிழலை வெளுக்க வைக்கும் பட்டையை மெல்ல நகர்த்தினேன். முதலில் பற்கள் வந்தன, பிறகு மூக்குகள், கடைசியாக ஓரத்தில் அவள். இருட்டை இழுத்து வெளுக்க வைத்ததால் படத்தில் சீருடை முழுக்கப் பச்சையும் சிவப்புமாகப் புள்ளிகள். லைனில் இப்படியொரு பெயின்ட் வந்தால் யோசிக்காமல் திருப்பி அனுப்புவேன். இதைப் பார்த்து எனக்குத் துள்ளிக் குதிக்கலாம் போலிருந்தது. பிரின்ட் போட்டு, அவளுடைய கடைசி நாளில் கொடுத்தேன்.

“பொட்டு கூடத் தெரியுதுண்ணா!” என்றாள்.

ஒரு வாரம் கழித்துப் போன் செய்தாள். படத்தைப் பார்த்த மகள் சிரிக்கவில்லையாம். “இதுல நீ இன்னாம்மா செஞ்ச?” என்று கேட்டிருக்கிறாள். இவள் காரின் கதவைக் காட்டியிருக்கிறாள்.

“இப்ப ரோட்ல எந்தக் காரு போனாலும் ‘எங்கம்மா மாட்டுன கதவு’ன்னு கத்துதுண்ணா. எல்லாரும் திரும்பிப் பாக்குறாங்க.”

“நீ இன்னா சொன்ன?”

“ஆமான்னுட்டேன்.”