சுக்கான் பிடித்தவள்

பிரெஞ்சுக்காரர்கள் புதுச்சேரியை விட்டுப் போன மறுவருஷம். பாகூர்ப் பக்கம் கடலோரக் குப்பம் எங்களுடையது. அப்பாவுக்குக் காய்ச்சல் என்பதால், கடலில் நின்ற கப்பலிலிருந்து மூட்டைகளை இறக்கிவர அவருடைய தோணியில் நானும் அக்காவும் போனோம். திரும்பும்போது புயல்காற்று. நான் மூட்டையைக் கட்டிக்கொண்டு அழுதேன். அக்காதான் சுக்கானைப் பிடித்து, அலை பார்த்துத் தோணியைக் கரை சேர்த்தாள்.

"யார்றா ஓட்டினு வந்தது?" என்றார் அப்பா.

"நான்தாம்பா."

அக்கா என்னைப் பார்த்துவிட்டு மூட்டைகளை இறக்கப் போனாள். தோணி எனக்கு வந்தது. அவள் பாகூர்த் தெருக்களில் மீன்கூடை சுமந்தாள்.

போன வாரம், ஒரு பெண் சரக்குக் கப்பலுக்குக் கேப்டனான செய்தியை அவளுக்குப் படித்துக் காட்டினேன்.

"அவளாச்சும் ஓட்டுறாளே, சந்தோசம்டா" என்றாள்.

அன்று ஓட்டியது அக்காதான். இதை முதன்முதலாக இங்கேதான் சொல்கிறேன்.