டார்ச் அணையவில்லை

தரையில் மூடி போட்ட எதைத் திறந்தாலும் உடனே யாரையும் இறங்க விடமாட்டேன். போன மாதம் தண்ணீர்த் தொட்டி கழுவ வந்தவரை, இன்னும் கொஞ்சம் காத்தாடட்டும், இன்னும் கொஞ்சம் என்று சொல்லியே இரண்டு மணி நேரம் உட்காரவைத்துவிட்டேன். சிரித்துக்கொண்டே மூன்று டீ குடித்தார், பாவம்.

எங்கள் ஊர் ஓசூரை அடுத்த பேரிகைப் பக்கம். ராகியைக் களத்து மூலையில் இரண்டாள் ஆழக் குழியில் கொட்டி, வைக்கோல் போட்டு, கல்லால் மூடி மண் பூசிவிடுவார்கள். வருடக்கணக்கில் பூச்சி அண்டாது. திறந்தால் ஒரு நாள் அப்படியே விட வேண்டும். அப்புறம் கயிற்றில் லாந்தர் இறக்கிப் பார்ப்பார்கள். அது நின்று எரிந்தால்தான் ஆள் இறங்கலாம்.

எனக்கு எட்டு வயது. சித்தப்பா ஓசூரில் ஃபேக்டரி வேலைக்குப் போன புதிது. லீவில் வந்திருந்தார். வீட்டில் ராகி தீர்ந்துவிட்டதால், பாதி எடுத்து மூடியிருந்த குழியை அப்பாவும் அவரும் காலையில் திறந்தார்கள். புளித்த வாடை அடித்தது.

"நாளைக்கு எறங்கலாம்டா," என்றார் அப்பா.

"நாளைக்கு எனக்கு ஃபர்ஸ்ட் ஷிப்டுண்ணா. நீ ஒண்டியா மூட்ட தூக்கிருவியா?"

சித்தப்பா லாந்தரை இறக்கினார். பாதியில் அணைந்தது. மறுபடி ஏற்றி இறக்கினார். மறுபடியும் அணைந்தது.

"ஏன் அண்ணி, சீமெண்ணெ ஊத்துனீங்களா, தண்ணி ஊத்துனீங்களா?"

அம்மா முறைத்தாள். அவர் தன் புது டார்ச்சைக் கயிற்றில் கட்டி இறக்கினார். அடியில் ராகி பளிச்சென்று தெரிந்தது.

"இது அணையுதா பாருண்ணா!"

அப்பாவும் சிரித்துவிட்டார். நான் கைதட்டினேன். கெட்ட காற்று நெருப்பைத்தான் அணைக்கும், பேட்டரியை ஒன்றும் செய்யாது என்று அங்கே யாருக்கும் தோன்றவில்லை.

சித்தப்பா கயிறு பிடித்து இறங்கினார். ராகிமேல் உட்கார்ந்தார். அப்படியே பக்கவாட்டில் சாய்ந்தார். விளையாடுகிறார் என்றுதான் நினைத்தேன். டார்ச் வெளிச்சம் அவர் முகத்தில் அடித்தது. கண் திறந்திருந்தது, இமைக்கவில்லை.

அப்பா குதிக்கப் போனார். அம்மா பாய்ந்து அவர் இடுப்பைக் கட்டிக்கொண்டாள். இருவரும் களத்தில் உருண்டார்கள்.

"விடுடி! என் தம்பிடி!"

"விட மாட்டேன். என்னக் கொன்னுட்டுப் போ."

அப்பா அவளை அடித்தார். முதுகில், தலையில், கண்டபடி. அவள் விடவில்லை. கூச்சல் கேட்டு ஓடிவந்தவர்கள், கிணற்றில் விழுந்த வாளியை எடுக்கும் பாதாளக் கரண்டியை இறக்கிச் சித்தப்பாவை மேலே இழுத்தபோது உயிர் இல்லை.

சாவுக்கு வந்தவர்களிடமெல்லாம் நான் சொன்னேன்: "அப்பா எறங்கித் தூக்கியிருப்பாரு. அம்மாதான் விடல."

அம்மா அதைக் கேட்டுக்கொண்டே வீங்கிய கையோடு அப்பாவின் தட்டில் சோறு போட்டாள். அந்தத் தட்டுக்கு முன்னால் உட்கார ஒரு ஆள் எப்படி மிஞ்சினார் என்று எனக்கு அன்றைக்கு யோசிக்கத் தெரியவில்லை.